பந்தய சைக்கிளுக்கு நடுத்தர குரூப்செட்: பெயருக்கு முன் பல்லை எண்ணுங்கள்

ரோடு பைக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "105 போதுமா, அல்டெக்ரா போகணுமா?" (இரண்டும் ஷிமானோ நிறுவனத்தின் குரூப்செட் பெயர்கள்.) கேள்வியில் தவறில்லை, கேட்கும் நேரம்தான் முந்திவிடுகிறது. எந்த மேட்டில் ஏறப் போகிறீர்கள், ஃபிரேம் எந்த பிரேக்கை ஏற்கும், பந்தயத்தில் விழுந்து ஒரு பாகம் உடைந்தால் மாற்று எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், பெயர் தானாகவே ஒன்றிரண்டுக்குள் வந்து நின்றுவிடும்.

குரூப்செட் என்பது ஷிஃப்டரும் பிரேக் லீவரும் சேர்ந்த கைப்பிடி இரண்டு, செயினைப் பல்லிலிருந்து பல்லுக்கு நகர்த்தும் முன் டீரெய்லர், பின் டீரெய்லர், பெடலைத் தாங்கும் கிராங்க், அதன் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், பின்சக்கரப் பற்சக்கரங்களின் அடுக்கான கேசட், செயின், பிரேக் காலிப்பர், டிஸ்க் என்றால் ரோட்டர் ஆகியவை அடங்கிய தொகுதி. இதில் நடுத்தரம் என்று சொல்லும்போது ஷிமானோவில் 105, ஸ்ராமில் ரைவல் ஆகிய இரண்டும்தான் நடைமுறையில் பேச்சில் இருக்கும். 105-க்குக் கீழ்ப்படியில் 10 கியர் (அதாவது கேசட்டில் 10 பற்சக்கரம்) டியாக்ரா, மேற்படியில் அல்டெக்ரா. இன்னொரு நிறுவனமான காம்பாக்னோலோவின் குரூப்செட் நல்ல பொருள்தான். ஆனால் நம் ஊரில் அதன் கேசட் தேய்ந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால், பந்தயத்துக்கென்று முதல் பைக் வாங்குபவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பல் கணக்கு

விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்பதை. 12 கியர் 105-இன் கிராங்க் இரண்டு வகையில் வருகிறது: 50-34, 52-36 (முன்னால் உள்ள பெரிய, சின்னப் பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை). பந்தய பைக் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் 52-36 இருப்பதே வழக்கம். ஈ.சி.ஆர். சாலையில் கடற்காற்றோடு மல்லுக்கட்டுபவருக்கு அது சரி. 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை ஏறப் போகிறவருக்கு அதே கிராங்க் முழங்காலைத் தின்றுவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 170 வாட் தேவைப்படும். ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் நெடுநேரம் தாங்கக்கூடிய அளவு இது. 25 மில்லிமீட்டர் டயருக்கு ஒரு சுற்றில் 2.105 மீட்டர் என்று வைத்தால், அந்த வேகத்தில் முன்னால் 34, பின்னால் 34 பல்லில் பெடல் நிமிடத்துக்கு 71 சுற்று வரும். முன்னால் 36, பின்னால் 30 என்றால் 59 சுற்று. 36-28 என்றால் 55. வாட் மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிக்கும் தொடை கொடுக்க வேண்டிய அழுத்தம் கூடுகிறது. 55 சுற்றில் ஒரு மணி நேரம் ஏறிவிட்டு மேலே போனதும் வேகமெடுக்கும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளக் காலில் ஒன்றும் மிச்சமிருக்காது.

"34 பல் போட்டால் இறக்கத்திலும் சமதளத்திலும் வேகம் போதாதே" என்ற அச்சம் பலருக்கு உண்டு. 50-11 பல்லில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51.7 கிலோமீட்டர், 52-11-இல் 53.7. இடைவெளி இரண்டே கிலோமீட்டர். 50-க்கு மேல் தனியாக மிதித்து வேகமெடுக்கும் ஆள் அந்த இரண்டு கிலோமீட்டரைச் சுற்றைக் கூட்டியே எடுத்துவிடுவார். கடைசி வேகப்பாய்ச்சலில் 110 சுற்று மிதிப்பது சாதாரணம், அப்போது 50-11 மணிக்கு 63 கிலோமீட்டர் தருகிறது. உள்ளூர் பந்தயத்தில் வெற்றியை 52 பல் முடிவு செய்வது அபூர்வம்.

11 கியரா 12 கியரா என்பதற்கும் விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 12 என்பது விளம்பர எண் என்று ஒதுக்குபவர்கள் கேசட்டின் பற்களை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும். 11 கியர் 105 ஆர்7000-இல் 11-30 கேசட்: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 27, 30. 12 கியர் ஆர்7100-இல் 11-34 கேசட்: அதே வரிசை, கடைசியில் ஒரு 34 சேர்ந்தது. அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம். 11 கியரிலேயே 34 வேண்டும் என்றால் கிடைக்கும் கேசட்டின் வரிசை 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. இதில் 12-உம் 14-உம் இல்லை.

அந்த 14 இல்லாதது கூட்டத்தோடு ஓட்டும்போதுதான் உறைக்கும். முன்னால் 52 பல் செயின்ரிங்கில் (கிராங்கின் பற்சக்கரத்தில்), கூட்டம் 42 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். பின்னால் 15 பல்லில் உங்கள் கால் 96 சுற்று சுற்றுகிறது, 13-க்கு மாற்றினால் 83. இரண்டும் பொருந்தாமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். நடுவில் 14 இருந்தால் 90-இல் கால் அமைதியாக உட்காரும். ஆக 12 கியர் தருவது மலைக்கு ஒரு பல்லும் சமதளத்துக்கு நெருக்கமான வரிசையும், இரண்டும் ஒரே கேசட்டில். மலைப்பக்கமே போகாதவருக்கு 11 கியரில் 11-28 அல்லது 11-30 எந்தக் குறையும் வைக்காது. அவர் 12-க்கென்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆர்7000 பின் டீரெய்லர் இரண்டு கூண்டு நீளத்தில் வந்தது (கூண்டு என்பது செயினை இழுத்துப் பிடிக்கும் இரண்டு உருளைகளைத் தாங்கும் பகுதி). குட்டைக் கூண்டு 30 பல் வரைக்கும், நீளக் கூண்டு 34 வரைக்கும். குட்டைக் கூண்டில் 34 கேசட்டை மாட்டினால் மேல் உருளை பெரிய பல்லோடு உரசும். செயின் நீளமும் அப்படித்தான். 28-க்கு அளந்து வெட்டிய செயினை அப்படியே விட்டு 34-ஐ மாட்டி, முன்னும் பின்னும் பெரிய பல்லுக்கு ஒரே நேரத்தில் போட்டால், கூண்டு முன்னோக்கி இழுபட்டு, டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கரோடு பிய்ந்து வரும். கேசட்டின் அளவை மாற்றிய அன்றே செயினையும் மறுபடி அளக்க வேண்டும்.

105-க்கும் அல்டெக்ராவுக்கும் நடுவே

ஷிமானோவின் மின்னணு ஷிஃப்டிங்கான டிஐ2-இல், 12 கியர் 105 தொகுதி ஏறத்தாழ 3 கிலோ, அல்டெக்ரா ஏறத்தாழ 2.7 கிலோ. கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். மேலே சொன்ன 80 கிலோவில் கால் கிலோ என்பது ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒரு மணி நேர மலையேற்றத்தில் அது பத்துப் பதினோரு வினாடி. சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி பந்தய பைக் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. நடுத்தர பைக்குகள் அந்த எல்லையை நெருங்குவதே இல்லை என்பதால், அந்தப் பதினோரு வினாடி உண்மையான லாபம்தான். ஆனால் அதே பணத்தை நல்ல டயர், டியூப், சக்கரம் ஆகியவற்றில் போட்டால் கிடைக்கும் லாபம் இதைவிட அதிகம், அதுவும் சமதளத்தில்கூடக் கிடைக்கும். மட்டமான டயர் போட்ட அல்டெக்ரா பைக்கை நல்ல டயர் போட்ட 105 பைக் முந்தும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

எடையைத் தவிர வேறென்ன? அல்டெக்ரா டிஐ2 கைப்பிடியின் தலையில் ஒரு கூடுதல் பொத்தான் உண்டு, ஹேண்டில்பாரின் வேறு இடத்தில் தனி ஷிஃப்ட் பொத்தான் வைக்கவும் இணைப்பு உண்டு. 105 டிஐ2-இல் இரண்டும் இல்லை. நேரப் பந்தயக் கைப்பிடியைப் பைக்கில் பூட்டுபவருக்கும், ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தபடியே தனிப் பொத்தானில் கியர் மாற்ற விரும்புபவருக்கும் இது காரணமாகலாம். மற்றவருக்கு இல்லை. இன்னொன்று: 2021-இல் வந்த 12 கியர் அல்டெக்ரா ஆர்8100 மின்னணு ஷிஃப்டிங்கில் மட்டுமே வந்தது. கேபிளில் இயங்கும் 12 கியர் வேண்டுமென்றால் ஷிமானோவில் 2023-இல் வந்த 105 ஆர்7100தான் வழி.

கேபிளா மின்சாரமா

மின்னணு ஷிஃப்டிங் வேகமாக மாறும் என்பது அதன் சின்ன நன்மை. பெரிய நன்மை, கேபிள் இல்லை என்பதே. அது ஏன் பெரிது என்று தெரிய 11 கியர் ஷிஃப்டரின் உள்ளே ஒருமுறை பார்க்க வேண்டும்.

வலது கைப்பிடியின் ரப்பர் உறையைப் பின்னாலிருந்து சுருட்டி, கேபிளின் தலை உட்கார்ந்திருக்கும் குழியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் கேபிள் அந்தக் குழியை ஒட்டி ஒரு சிறு உருளையைச் சுற்றி வளைந்து நிமிர்கிறது. ஆயிரக்கணக்கான முறை வளைந்தபின், தலையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குள் மெல்லிய கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். முதல் அறிகுறி, சின்னப் பல்லுக்கு இறங்கும்போது ஒரு தயக்கம். கேபிள் நீண்டுவிட்டது என்று நினைத்து அதன் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகை முறுக்குவீர்கள், இரண்டு நாள் சரியாகும், மறுபடி விலகும். அடிக்கடி திருகைத் தொட வேண்டியிருக்கிறது என்றால் அது கேபிளின் நீட்சி இல்லை, இழை அறுகிறது. அப்படியே விட்டால் முழுதாக அறுந்து, தலை உள்ளேயே சிக்கிக்கொள்ளும், பின்னால் செயின் 11-இல் நின்றுவிடும். சிக்கிய தலையை எடுக்கக் குறடும் பொறுமையும் வேண்டும். சிலநேரம் ஷிஃப்டரே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் ஓட்டுபவர் 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வலது பக்க உட்கேபிளை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பந்தயத்துக்கு முந்தைய நாள் மட்டும் மாற்றாதீர்கள். புதுக் கேபிளும் உறையும் உட்கார முதல் ஓரிரு நாள் சவாரி பிடிக்கும், அதற்குள் ஷிஃப்டிங் சற்று விலகும்.

கேபிள்கள் முழுக்க ஹேண்டில்பாருக்குள்ளும் ஸ்டெமுக்குள்ளும் ஓடும் புதிய ஃபிரேம்களில் இந்த வேலை அரை மணி நேரத்திலிருந்து அரை நாளாக நீண்டுவிடுகிறது. கூர்மையாக வளைந்து போவதால் உரசலும் கூடுகிறது. அப்படிப்பட்ட ஃபிரேம் வாங்குபவர் மின்னணுவுக்குப் போவதே நல்லது. கேபிள் வெளியே ஓடும் ஃபிரேமுக்கு கேபிளில் இயங்கும் இயந்திர 105 இன்றும் அருமையான தேர்வு: எந்த ஊரிலும் ஒரு கேபிளும் ஆலன் கீயும் இருந்தால் ஓட வைத்துவிடலாம்.

மின்னணுவில் கவனிக்க வேண்டியது மின்கலம். 105 டிஐ2-இல் சீட்போஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரே பேட்டரி இரண்டு டீரெய்லருக்கும் ஒயர் மூலம் மின்சாரம் தருகிறது. நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு சார்ஜுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். சார்ஜ் குறையும்போது முன் டீரெய்லர் முதலில் நிற்கும், பின் டீரெய்லர் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். முன்பக்கம் மாறவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறது என்று பொருள். கைப்பிடிகளில் சிஆர்1632 பொத்தான் பேட்டரி இருக்கும். இது பெட்டிக்கடையில் கிடைக்காத அளவு, இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ராம் ரைவல் ஏஎக்ஸ்எஸ் முற்றிலும் ஒயர் இல்லாதது. ஒவ்வொரு டீரெய்லரிலும் கழற்றி மாட்டும் ஒரே மாதிரியான பேட்டரி, சுமார் 60 மணி நேரச் சவாரிக்கு வரும். வழியில் பின் பேட்டரி தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு பந்தயத்தை முடித்துவிடலாம். நான் மதிக்கும் ஏற்பாடு இது. கைப்பிடிக்கு சிஆர்2032, எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். காரில் பைக்கை ஏற்றிப் போகும்போது பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள். அசைவை உணர்ந்தால் விழித்துக்கொள்ளும் அமைப்பு என்பதால், நீண்ட பயணத்தில் சும்மாவே தீர்ந்துபோகும்.

ஃபிரேமும் சக்கரமும் சொல்லும் நிபந்தனைகள்

ரிம் பிரேக் ஃபிரேம் கையில் இருக்கிறதா? அப்படியானால் 12 கியர் 105 உங்களுக்கு இல்லை, அது டிஸ்க்குக்கு மட்டும். 11 கியர் ஆர்7000-ஐத் தேடுங்கள். அதன் ரிம் காலிப்பர் 28 மில்லிமீட்டர் டயர் வரை இடம் தரும், ஃபிரேம் இடம் தருகிறதா என்பது தனிக் கேள்வி. 2018 ஜூலையிலிருந்து ரோடு பந்தயங்களில் டிஸ்க் முழுதாக அனுமதிக்கப்பட்டபின் உற்பத்தி முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. புதிய ஃபிரேம் வாங்குபவர் டிஸ்க்கையே வாங்கட்டும்.

அடுத்தது ஃப்ரீஹப், அதாவது பின்சக்கரத்தின் ஹப்பில் கேசட் உட்காரும் உடல். ஷிமானோவின் 12 கியர் 105 கேசட் பழைய 11 கியர் எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே உட்காரும், இருக்கும் சக்கரம் வீணாகாது. ஸ்ராம் ரைவல் கேசட் 10 பல்லில் தொடங்குவதால் எக்ஸ்டிஆர் (XDR) என்ற வகை ஃப்ரீஹப் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அந்த மாற்று உடல் கிடைக்குமா என்று பார்க்காமல் ரைவல் வாங்கினால், குரூப்செட்டோடு சக்கரமும் வாங்க வேண்டி வரும். 11 கியர் 11-34 கேசட்டுக்கும் ஒரு சிறு விதி உண்டு: 11 கியர் ரோடு ஃப்ரீஹப்பில் அதன் பின்னால் 1.85 மில்லிமீட்டர் வளையம் போட வேண்டும். விட்டுவிட்டால் பூட்டு வளையம் இறுகியதுபோல் தெரியும், கேசட் மட்டும் கையால் ஆட்டினால் ஆடும்.

பாட்டம் பிராக்கெட்டில் ஷிமானோ அச்சு 24 மில்லிமீட்டர், ஸ்ராமின் டப் (DUB) வகை அச்சு 28.99. ஃபிரேமின் கூடு எது என்று தெரிந்துகொண்டு அதற்கான பாட்டம் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும், பல தொகுதிகளில் அது சேர்ந்து வராது. கிராங்க் நீளத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கடையில் இருப்பது 172.5 என்பதற்காக ஐந்தரை அடி உயரத்தவர் அதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, 165-உம் 170-உம் இருக்கின்றன.

பழைய பாகங்களோடு கலந்து கட்ட நினைப்பவருக்கு: டியாக்ரா 4700-இன் 10 கியர் ஷிஃப்டர் கேபிளை இழுக்கும் அளவு, அதற்கு முந்தைய 10 கியர் ஷிஃப்டர்களிலிருந்து வேறு. பெட்டியில் 10 என்று போட்டிருப்பதை நம்பி பழைய டீரெய்லரோடு சேர்த்தால் எந்தப் பல்லிலும் நேராக நிற்காது.

பிரேக் திரவத்தில் ஷிமானோ மினரல் ஆயில், ரைவல் டாட் 5.1. ஒன்றின் திரவத்தை மற்றதில் ஒரு சொட்டு விட்டாலும் ரப்பர் வளையங்கள் உப்பி மொத்த பிரேக்கும் போகும். டாட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரை ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மினரல் ஆயில் அந்த விஷயத்தில் பொறுமையானது.

விழுந்தால் என்ன உடையும்

பந்தய பைக் விழும். வலது பக்கமாக விழுந்தால் முதலில் அடிபடுவது கைப்பிடி, பின் டீரெய்லர், ஹேங்கர். எனவே குரூப்செட்டின் மொத்த விலையைப் போலவே ஒரு வலது கைப்பிடி, ஒரு பின் டீரெய்லர் இரண்டின் தனி விலையையும் கேட்டு எழுதி வையுங்கள். இயந்திர 105-க்கும் மின்னணு 105-க்கும் உண்மையான இடைவெளி அங்கேதான் தெரியும். வருடத்துக்கு ஒரு விழுகையைத் தாங்கக் கையில் காசில்லை என்றால், டிஐ2-ஐ இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஹேங்கர் மலிவான பாகம், ஆனால் விழுந்தபின் வரும் ஷிஃப்டிங் புகார்களில் பாதி அதனால்தான். லேசாக உள்நோக்கி வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நடுப் பற்களில் எல்லாம் சரியாக இருக்கும், பெரிய பல்லில் மட்டும் கடகடவென்று சத்தம் வரும். 10 கியரில் பல்லுக்குப் பல் இடைவெளி 3.95 மில்லிமீட்டர், 11-இல் 3.74, 12-இல் இன்னும் நெருக்கம். பழைய பைக் பொறுத்துக்கொண்ட வளைவைப் புதியது பொறுக்காது. கேபிளைத் தொடும் முன் ஹேங்கர் அளவுகோலால் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹேங்கர் வேறு என்பதால் பைக் வாங்கும் நாளிலேயே உதிரியாக ஒன்றை வாங்கிச் சேணப்பையில் போட்டுவிடுவது உத்தமம்.

செகண்ட் ஹேண்டில் மேல்தரக் குரூப்செட் 105 விலைக்குக் கிடைத்தால் ஒரு சோதனை அவசியம். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 கியர் அல்டெக்ரா, அதற்கும் மேற்படியான டூரா-ஏஸ் கிராங்குகளில் இரண்டு துண்டுகளாக ஒட்டப்பட்ட கை பிரியும் ஆபத்து இருப்பதால், 2023 செப்டம்பரில் ஷிமானோ அவற்றைச் சோதித்து மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100 ஆகியவை அதில் அடக்கம். கிராங்கைத் துடைத்து, கையின் உட்பக்க ஒட்டுக்கோட்டை விளக்கொளியில் பாருங்கள். நகம் இறங்கும் இடைவெளி தெரிந்தாலோ, அழுத்தி மிதிக்கும்போது டக் டக் என்று கேட்டாலோ வாங்காதீர்கள். 105 கிராங்குகள் அந்தப் பட்டியலில் இல்லை.

பொருத்தும்போது

டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் கார்பன் ஃபிரேமைக் கொடுக்காதீர்கள். கேசட் பூட்டு வளையம் 40 நியூட்டன் மீட்டர். ஷிமானோ இடது கிராங்கின் இரண்டு போல்ட்டும் 12 முதல் 14, ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல் மாற்றி மாற்றி. அதற்கு முன் போடும் பிளாஸ்டிக் மூடி வெறும் 0.7 முதல் 1.5 வரைதான், விரல் பலமே போதும். அதை இறுக்கினால் பேரிங் சில மாதங்களில் போய்விடும். பின் டீரெய்லரை ஹேங்கரில் பூட்டும் போல்ட் 8 முதல் 10. கேபிளைப் பிடிக்கும் போல்ட் 6 முதல் 7.

செயின் இணைக்கும் விரைவு இணைப்பு 11, 12 கியரில் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அதையே போடுபவர்கள் இருக்கிறார்கள். வேகப்பாய்ச்சலில் அது திறந்துகொண்டால் முகம்தான் சாலையில் விழும். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர், அது 306.3 ஆனால் அரை சதவீதத் தேய்மானம், மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டி ஓட்டினால் கேசட்டின் பற்கள் சுறாவின் துடுப்புபோல் சாய்ந்து, புதுச் செயின் போட்டாலும் தாவும். அப்போது செயினோடு கேசட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும், அதிகம் தேய்ந்திருந்தால் செயின்ரிங்குக்கும்.